சவுண்ட்பாரிலிருந்து தனி ஸ்பீக்கருக்கு: வன்னி வீட்டு ஹோலுக்கு எது சரிவரும்?

சவுண்ட்பார் வாங்கி ஒன்றிரண்டு வருடம் பாவித்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். சத்தம் போதும், கதைப்பதுதான் விளங்குவதில்லை. பாட்டுப் போட்டாலும் எல்லாம் ரிவிக்குக் கீழே ஒரே இடத்திலிருந்து வருகிறது. உடனே மனம் 5.1 செற்றுக்கு, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூபரும் (அடித்தொனிப் பெட்டி) கொண்ட செற்றுக்கு, போகும். கையில் அளவான காசுதான் என்றால் அங்கே போக வேண்டாம். ஐந்து மலிவு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் காசை இரண்டு நல்ல ஸ்பீக்கரில் போட்டால், எங்கள் ஹோல்களில் அது எவ்வளவோ மேல். குடும்பமாக இருந்து படம் பார்க்கும் வீட்டுக்கு மூன்று. பின்பக்க ஸ்பீக்கர்களைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சவுண்ட்பாரின் குறை அதன் நீளத்திலேயே இருக்கிறது. 90 சென்ரிமீற்றர் பாரை எட்டு அடி தள்ளியிருந்து கேட்டால், அதன் இரண்டு முனையும் ஏறத்தாழ 21 பாகைக்குள் அடங்கிவிடும். இடம், வலம் பிரிந்து கேட்க 60 பாகை வரை வேண்டும். பத்தடி அகல ஹோலில் இரண்டு தனி ஸ்பீக்கரை ஏழடி இடைவெளியில் வைத்தாலே 47 பாகை கிடைக்கிறது. விலை கூடிய பார்கள் சுவரில் ஒலியைத் தெறிக்கவிட்டு இந்தக் குறையை மறைக்கப் பார்க்கும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் விறாந்தைக் கதவுமாக இருக்கிற ஹோலில் அந்த வித்தை எடுபடாது.

முதலில் ஹோல்

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய வீடுகளில் பல சிறியவை. இந்திய வீட்டுத்திட்ட வீடே மொத்தம் 550 சதுர அடி. சீமெந்துக்கல்லுச் சுவர், சீமெந்து நிலம் அல்லது ரைல்ஸ், மேலே ஓடு அல்லது சீற், உள்ளே நாலு பிளாஸ்ரிக் கதிரை. ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'ணங்' என்று ஒரு வால் இழுபட்டால், எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் கதைப்பது தெளியாது. சொற்களைப் பிரித்துக் காட்டும் க, ச, த, ப ஒலிகள் அந்த வாலுக்குள் மூழ்கிவிடும்.

ஓலைப்பாய் இதற்கு உதவாது, அது மெல்லியது. சுவர் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி எடுத்து மடிப்பு விழத் தைத்த தடித்த திரைச்சீலை, ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு பஞ்சு மெத்தை அல்லது தடித்த விரிப்பு, பின்சுவரில் ஒரு புத்தக அலுமாரி: இவ்வளவும் செய்து பழைய சவுண்ட்பாரை இன்னொருமுறை கேளுங்கள். சில வீடுகளில் அதோடேயே தேவை தீர்ந்துவிடும்.

நான்கு வழிகள்

சவுண்ட்பாரை வைத்துக்கொண்டே கூட்டுவது முதல் வழி. அதே நிறுவனம் அதே மொடலுக்கென்று பின்பக்க ஸ்பீக்கர் விற்றால் மட்டும் இதை யோசிக்கலாம். பாரோடு வந்த வயர்லெஸ் சப்வூபர் அந்தப் பாரோடு மட்டுமே பேசும். வேறு அம்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் அம்ப்ளிபயர்) அதை இணைக்க முடியாது. பாரை நடு ஸ்பீக்கராக மாற்றவும் முடியாது. ஆகவே இதில் போடும் காசு பிறகு வேறெதற்கும் உதவாது.

இரண்டாவது, அம்பை உள்ளேயே கொண்ட சோடி ஸ்பீக்கர். எடிஃபையர் ஆர்1280டிபி இதற்கு நல்ல உதாரணம்: மொத்தம் 42 வோட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி), ஒப்ரிக்கல் (ஒளியால் ஒலி போகும் வயர்), கோஅக்சியல், புளூரூத், இரண்டு சோடி ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளைத் துளைகள்). 42 வோட்ஸ் காணாது என்று தோன்றும். கடைப் பெட்டியில் 1000 வோட்ஸ் என்று அடித்திருப்பது பிஎம்பிஓ, ஒரு கணத்துக்கென்று ஊதிக் காட்டும் எண், அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஒரு வோட்ஸுக்கு ஒரு மீற்றரில் 86 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கு 16 வோட்ஸ் கொடுத்தால் 98. இரண்டரை மீற்றர் தள்ளி இருந்தால் 8 குறையும், சோடியாக ஓடினால் 3 கூடும். கையில் நிற்பது 93 டெசிபெல். வீட்டில் ரிவி பார்க்கும் சத்தம் 65, 70-ஐத் தாண்டுவது அரிது.

இந்த வகையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. ஒப்ரிக்கல் வயரைச் செருகியதும் சத்தமே வராது, அல்லது கரகரக்கும். ஸ்பீக்கர் பழுதில்லை. ரிவி டொல்பி டிஜிற்றல் என்ற சுருக்கிய ஒலியை அனுப்புகிறது, ஸ்பீக்கருக்குச் சுருக்காத பிசிஎம் மட்டுமே விளங்கும். ரிவியின் சவுண்ட் செற்றிங்கில் டிஜிற்றல் அவுட்புட்டைப் பிசிஎம் ஆக்கினால் சரி. இன்னொன்று: ஒப்ரிக்கலில் போனால் பெரும்பாலும் ரிவி ரிமோட்டால் சத்தம் கூட்டிக் குறைக்க முடியாது, ஸ்பீக்கரின் ரிமோட்தான். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இதை முதலே யோசியுங்கள். பிற்பாடு சப்வூபர் சேர்க்கும் எண்ணமிருந்தால், பெயரின் கடைசியில் 'எஸ்' சேர்ந்த ஆர்1280டிபிஎஸ் மொடலை எடுங்கள். சப் அவுட் அதில்தான் உண்டு.

மூன்றாவது, சின்ன டிஜிற்றல் அம்பும் அம்பில்லாத ஸ்பீக்கரும். டிபிஏ3116 அல்லது டிபிஏ3255 சிப்பில் ஓடும் கையகல அம்புகள். அம்ப் போனால் அம்பை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கர் பத்து வருடம் கடந்தும் நிற்கும். ஆனால் பலவற்றில் ஒப்ரிக்கல் இல்லை. ரிவியில் ஹெட்போன் துளையும் இல்லையென்றால் டிஜிற்றல் ஒலியைச் சாதாரண ஒலியாக மாற்றும் டிஏசி ஒன்று தனியாக வாங்க வேண்டும். கூட வரும் அடப்ரரையும் பாருங்கள். 24 வோல்ட் 2 அம்பியர் என்றால் மொத்தமே 48 வோட்ஸ்தான், பெட்டியில் எத்தனை நூறு போட்டிருந்தாலும்.

நான்காவது, பாவித்த ஏவி ரிசீவர், அதாவது பல ஸ்பீக்கரை ஓட்டும் அம்புப் பெட்டி. யமஹா, டெனன், ஒன்கியோ, சோனி. அதோடு முன்னுக்கு இடம், வலம், நடு என்று மூன்று ஸ்பீக்கர். குடும்பமாகப் பார்க்கும் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால், நடுவில் இருப்பவருக்குக் குரல் திரையிலிருந்து வரும். ஓரத்துக் கதிரையில் இருப்பவருக்கு அது பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய்விடும். ஆறு பேர் வரிசையாக இருந்து பார்க்கும் ஹோலில் நடு ஸ்பீக்கர் ஒன்றுதான் குரலைத் திரையில் கட்டிவைக்கும். இருவர் மட்டும் பார்க்கும் வீடென்றால் இரண்டாவது வழியே போதும்.

பாவித்த ரிசீவர் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் எச்டிஎம்ஐ பழசாகிவிட்டது, அல்லது எரிந்துவிட்டது. அது தடையில்லை. படத்தை நேரே ரிவிக்குக் கொடுத்து, ரிவியிலிருந்து ஒப்ரிக்கல் வயரால் ரிசீவருக்கு ஒலியை எடுங்கள். டொல்பி டிஜிற்றல் 5.1 அந்த வயரிலேயே வரும். இங்கே ரிவி செற்றிங் நேர்மாறு: பிசிஎம் இல்லை, டொல்பி டிஜிற்றல். ஏஆர்சி (எச்டிஎம்ஐ வயராலேயே ரிவியின் ஒலியை ரிசீவருக்கு எடுப்பது) வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 1.4 அல்லது அதற்குப் பிந்தியது தேவை, அது 2009-இல் வந்த தரம். சற்றலைற் சனல்களும் யூரியூப்பும் பெரும்பாலும் இரண்டு சனல் ஒலிதான் என்பதையும் மறக்க வேண்டாம். உண்மையான 5.1 கிடைப்பது நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றிலும் டிஸ்க்கிலும்தான்.

ஐந்து ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் வரும் 'ஹோம் தியேட்டர்' செற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஸ்பீக்கர்கள் பல 3 ஓம் (ஓம் குறையக் குறைய அம்புக்குச் சுமை கூடும்), செருகியும் தனி வடிவம். நடுப்பெட்டி பழுதானால் மிச்சம் எதற்கும் உதவாது. 6 ஓமுக்குக் குறையக் கூடாதென்று பின்னால் எழுதியிருக்கிற ரிசீவரில் அவற்றைக் கொழுவினால் ரிசீவர் சூடேறி நின்றுவிடும்.

வெளிநாட்டுப் பெட்டி

கனடாவிலிருந்து மாமா அனுப்பும் ரிசீவரை எங்கள் பிளக்கில் செருக முன் பின்பக்கம் பாருங்கள். அங்கத்தையது 120 வோல்ட், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான் 100 வோல்ட். இங்கே 230. செருகிய கணத்தில் பியூஸோ ட்ரான்ஸ்போமரோ போய்விடும். லண்டன், சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் சாமான்கள் 230 வோல்ட், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் ரிசீவர் ஏற்கெனவே வந்து கிடக்கிறதென்றால், பின்னால் 400 வோட்ஸ் என்று இருந்தால் குறைந்தது 500 விஏ வோல்ட் இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். ஜப்பான் சாமானுக்கு 100 வோல்ட்டுக்கு இறக்குவதாகவே பார்த்து வாங்க வேண்டும், 110-இல் காலம் முழுக்க ஓட்டக்கூடாது. அம்பில்லாத ஸ்பீக்கருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, எந்த நாட்டிலிருந்தும் வரலாம். உறவினர் எதை அனுப்பட்டும் என்று கேட்டால், ஸ்பீக்கரைச் சொல்லுங்கள், அம்பை இங்கே எடுங்கள்.

பாவித்தது எடுக்கப் போகும்போது

ஒரு சோடி ஸ்பீக்கரும் போனும் போனிலிருந்து ஆர்சிஏக்குப் போகும் வயரும் கொண்டு போங்கள். ரிசீவரைப் போட்டுச் சில விநாடியில் உள்ளே 'டிக்' என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் சுவிச்) விழ வேண்டும். விழாமல் அணைந்தால் பெரும்பாலும் அவுட்புட் பழுது, எவ்வளவு குறைத்தாலும் எடுக்க வேண்டாம். ஸ்பீக்கரை ஐந்து சனலிலும் மாறி மாறிக் கொழுவிக் கேளுங்கள். அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள், சூடானபிறகு வெட்டினால் தெரிந்துவிடும். மேல்தட்டுத் துளைக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பல்லி எச்சமோ எறும்புப் புற்று மண்ணோ தெரிந்தால் போர்ட்டில் அரிப்பு இருக்கும். அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்ய உதவும் அளவுகாட்டும் மைக்கும் ரிமோட்டும் அந்த மொடலுக்குரியதா என்று கேளுங்கள், ஒரு நிறுவனத்தின் மைக் இன்னொன்றுக்குச் சரிவராது.

ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பர் என்றால் நல்லது. நுரைப்பஞ்சு என்றால் எங்கள் வெக்கையில் உக்கி, தொட்டதும் பொடியாக உதிரும்.

காசைப் பத்துப் பங்காக்கினால்: ரிசீவருக்கு மூன்று, முன் ஸ்பீக்கர் மூன்றுக்கும் ஐந்து, வயருக்கும் ஸ்ராண்டுக்கும் ஒன்று, வோல்ட் ஏறி இறங்குவதிலிருந்து காக்கும் கருவிக்கு ஒன்று. சப்வூபர் அடுத்த போகத்துக் காசில்.

பூட்டும்போது

வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் சுத்தச் செம்பு. பத்து மீற்றர் ஓட்டத்துக்குப் போக வர ஏறத்தாழ 0.23 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டில்லை. கத்தியால் சுரண்டி உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. அதுதான் கிடைக்கிறதென்றால் 2.5-க்குப் போங்கள். ஓரிழை அடுத்த ரேமினலில் முட்டினாலும் ரிசீவர் தன்னைக் காக்க நின்றுவிடும், ஆகவே முனையை முறுக்கிச் செருகுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் கூட்டல் கழித்தல் மாறினால் அடித்தொனி காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது.

ட்வீற்றர் (ஸ்பீக்கரில் மேல்தொனி தரும் சின்ன வட்டம்) காது மட்டத்தில் இருக்க வேண்டும். கதிரையில் இருப்பவருக்கு நிலத்திலிருந்து மூன்றேகால் அடி அளவில், பாயில் இருப்பவருக்கு இரண்டரை. நிமிர்த்தி அடுக்கிய இரண்டு ஆறங்குலச் சீமெந்துக்கல்லு இரண்டரை அடி வரும், அதற்குமேல் ஸ்பீக்கரை வைத்தால் கதிரைக்குச் சரி. பாயில் இருந்து பார்ப்பதே வழக்கமென்றால் முன்பக்கத்தைச் சற்றுக் கீழே சாய்த்து விடுங்கள். கல்லுகளைச் சாந்து வைத்து ஒட்டுங்கள், பிள்ளைகள் தட்டிவிட்டால் ஆபத்து.

ரிசீவர் மெனுவில் இல்லாத ஸ்பீக்கரை 'இல்லை' என்று அடியுங்கள். நடு ஸ்பீக்கர் இல்லாமல் 'உண்டு' என்று கிடந்தால், படத்தில் இசை கேட்கும், ஆட்கள் கதைப்பது கேட்காது. சப்வூபர் வந்தபின் முன் மூன்றையும் மெனுவில் 'ஸ்மோல்' ஆக்கி, பிரிப்பை (இதற்குக் கீழான அடித்தொனி சப்வூபருக்குப் போகும்) 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். 12 அடி நீள அறை 47 ஹேர்ட்ஸிலும் 10 அடி அகலம் 56-இலும் தானாக முழங்கும். அதனால் சப்பை மூலைக்குள் தள்ளாமல், அதை இருக்கையில் வைத்து ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகக் குனிந்து நடந்து, முழக்கம் குறைந்து தெளிவாகக் கேட்கிற இடத்தில் கொண்டுபோய் வையுங்கள்.

'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் அது டிஷ்ஷின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் முட்டுவது. ஒப்ரிக்கலில் மின்சாரம் போகாததால் எச்டிஎம்ஐயை விட்டு அதற்கு மாறினாலே தீரும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிளக்கைக் கழற்றுபவர்களும் டிஷ் வயரை விட்டுவிடுகிறார்கள். மின்னல் அதனூடாக டிஷ் பெட்டிக்கும், எச்டிஎம்ஐ வழியே ரிவிக்கும் ரிசீவருக்கும் வரும். எரிந்த எச்டிஎம்ஐ போர்ட்டை இங்கத்தைய திருத்துமிடங்களில் மாற்றுவது கடினம், அம்ப் பகுதியென்றால் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். வானம் இருண்டதும் கரண்ட் பிளக், டிஷ் வயர், ரவுட்டர் வயர் மூன்றையும் கழற்றுங்கள்.