கத்திரி வெயிலில் கரண்ட் வண்டி: கரூர் போய் வந்த கதை

ஒஸ்லோவில் ஏழு வருடமாக மின்சாரக் கார்தான் ஓட்டுகிறேன். அங்கே இது பெருமை இல்லை, 2024-ல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட பேட்டரி வண்டிகள். ஆனால் அங்கே எங்கள் கவலையெல்லாம் குளிர்தான். காலையில் கண்ணாடியில் பனி சுரண்டாமல் கிளம்புவது எப்படி, ஹீட்டர் எத்தனை கிலோமீட்டரைத் தின்னும், இதுதான் பேச்சு. வெயிலில் மின்சாரக் காரின் உள்ளே குளுமையாக இருப்பது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை, இந்த மே மாதம் ஊருக்குப் போகும் வரைக்கும்.

ஏன் மே மாதம் என்று கேட்காதீர்கள். கரூர் மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா அப்போதுதான் வரும், கோயிலில் நட்ட கம்பத்தை ஆற்றில் விட எடுத்துப் போவதைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகள் பார்த்ததே இல்லை. "அக்னி நட்சத்திரத்துல யாராவது வருவாங்களா கண்ணு" என்று அம்மா போனிலேயே சொன்னார். வந்தோம்.

தங்கை வீட்டுக்காரர் போன வருடம் மின்சார எஸ்யூவி வாங்கியிருக்கிறார், உள்ளூர்த் தயாரிப்பு, ஒரு சார்ஜுக்கு நிஜத்தில் 300 கிலோமீட்டர் போகும், இந்தத் தூரத்தைத்தான் ரேஞ்ச் என்பார்கள். சென்னைக்கே வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். அம்மாவும் கூடவே வந்திருந்தார். சென்னையிலிருந்து கரூருக்கு 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி என்று போகிற வழி. நடுவில் ஒரு தடவை சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

திண்டிவனம் தாண்டியதும் முதல் சண்டை. மாப்பிள்ளை சத்தமில்லாமல் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். அனல் மூஞ்சியில் அடித்தது, பெட்டிக்கடை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே குனிந்த மாதிரி. "ரேஞ்ச் குறையுதுங்க மச்சான்" என்றார். நான் ஸ்கிரீனைக் காட்டினேன். வண்டி 90-ல் ஓடுவதற்கு 13, 14 கிலோவாட் வாங்குகிறது. ஏசி முதல் பத்து நிமிடம் 3, 4 கிலோவாட் இழுக்கும், உண்மைதான், ஆனால் உள்ளே ஒரு தடவை குளிர்ந்து நிலைக்கு வந்த பிறகு 1, 1.5-தான். அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும், அதிலும் கரண்ட் போகிறது. மிச்சம் பிடிப்பது கொஞ்சம், வேர்ப்பது நிறைய.

இன்னொன்றையும் சொன்னேன். ஒஸ்லோவில் வெளியே மைனஸ் 10, உள்ளே 20 வேண்டும் என்றால் 30 டிகிரி வித்தியாசத்தை வண்டி சமாளிக்க வேண்டும். இங்கே வெளியே 42, உள்ளே 25, வித்தியாசம் 17 டிகிரி. ஏசி ஒரு யூனிட் கரண்டைச் செலவழித்து இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும் சாதனம். அதனால் வெயில் ரேஞ்சைக் குறைக்கும், ஆனால் எங்கள் ஊர்க் குளிர் குறைக்கிற அளவுக்கு இல்லை. டிராஃபிக்கில் சிக்கி நின்றால்தான் கணக்கு மாறும், ஏனென்றால் வண்டி நகராமலே ஏசி மட்டும் தின்னும். பெருங்களத்தூரில் அதையும் பார்த்தோம். மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, அம்மா பின்சீட்டில் விசிறிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் சார்ஜர். என் முழுக் கோபமும் இங்கேதான். பெட்ரோல் போடுகிறவனுக்குத் தலைக்கு மேல் இவ்வளவு பெரிய கூரை, இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டுப் போகப்போகிறவனுக்கு. ஐம்பது நிமிடம் நிற்கப்போகிற நமக்கு மூலையில் மொட்டை வெயில். பெட்ரோல் பம்ப்பிலிருந்து சார்ஜரைத் தள்ளித்தான் வைக்க வேண்டும், அது பாதுகாப்பு விஷயம், புரிகிறது. தள்ளி வைத்த இடத்தில் நாலு கம்பி நட்டு ஒரு தகரம் போட யார் தடுத்தார்கள்?

இது வெறும் சொகுசுப் பேச்சு இல்லை. வேக சார்ஜ் ஏறும்போது பேட்டரி தானாகவே சூடாகும், அதைக் குளிர்விப்பதும் காருக்குள் இருக்கிற அதே ஏசி கம்ப்ரசர்தான். அதாவது ஒரே கம்ப்ரசரைப் பேட்டரியும் நாமும் பங்கு போட்டுக்கொள்கிறோம், பங்கு பிரிப்பதில் வண்டிக்குப் பேட்டரிதான் மூத்த பிள்ளை. 24 வைத்திருந்த இடத்தில் உள்ளே வந்த காற்று மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. மேலே கண்ணாடிக் கூரை வேறு. (இந்த சன்ரூஃப் மோகத்தை எனக்கு விளக்கிச் சொல்லக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா? வெயிலே இல்லாத எங்கள் ஊரில் வைக்கிறான், சரி. கரூரில் எதற்கு?) சார்ஜரும் வெயிலில் காய்ந்தால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 60 கிலோவாட் என்று எழுதியிருந்த பெட்டி எங்களுக்குக் கொடுத்தது 27.

சார்ஜரைத் தொடங்கவே இருபது நிமிடம் ஆனது தனிக் கதை. செயலி இறக்கு, இந்திய மொபைல் எண் கொடு, ஓடிபி வரும், யுபிஐயில் பணம் ஏற்று. என் நார்வே எண்ணுக்கு ஓடிபி வரவில்லை. வெளிநாட்டு எண்ணோடு யுபிஐ வைத்துக்கொள்ள 2023-ல் பத்து நாடுகளுக்கு அனுமதி கொடுத்தபோது அதில் சிங்கப்பூர் உண்டு, கனடா உண்டு, நார்வே இல்லை. கடன் அட்டை தேய்க்கிற வசதி அந்தப் பெட்டியில் கிடையாது. மாப்பிள்ளை போன் இருந்ததால் பிழைத்தோம். தனியாக வாடகை வண்டி எடுத்து ஓட்டலாம் என்று நினைக்கும் வெளிநாட்டுக்காரர்கள், முதலில் ஊர் சிம் வாங்கி, அதில் மூன்று நான்கு சார்ஜிங் செயலிகளைப் பதிந்து, பணமும் ஏற்றிவிட்டுச் சாவியைத் தொடுங்கள்.

பங்குக்குப் பக்கத்தில் இளநீர் விற்கிற அக்கா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவராகவே உள்ளே போய் மடித்து வைத்திருந்த ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை எடுத்துவந்தார். யாருடைய காதணி விழாவோ. ஒரு பக்கத்துக் கயிற்றை வேப்பமரத்தில் கட்டினார், மறு பக்கத்தை வண்டிக்குப் பின்னால் இருந்த கம்பியில். "தினமும் ரெண்டு வண்டி வருதுங்க, பிள்ளைங்க உள்ள வேகுது, பார்க்க முடியல" என்றார். முன்கண்ணாடிக்கு மேலே, இரண்டு பக்கமும் தாய்மாமன்கள் கைகூப்பி நிற்க, நடுவில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் உள்ளே காற்று ஜில்லென்று வர ஆரம்பித்தது, பொய் சொல்லவில்லை. முன்கண்ணாடி வழியாக வருகிற வெயிலை உள்ளே வரவிட்ட பிறகு விரட்டுவதைவிட, வாசலிலேயே நிறுத்துவது சுலபம். ஆறு இளநீர் குடித்தோம், பேனருக்குத் தனியாகக் காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கரூரில் இறங்கிய மறுநாள் இன்னொரு குறை தெரிந்தது. நிழலில் நின்றாலும் ஏசிக் காற்று போதவில்லை. ஃபேன் நாலில் வைத்தால் சத்தம் நாலுக்கு வருகிறது, காற்று இரண்டுக்குத்தான். விற்ற இடத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தோம். ஒன்பது நாள் கழித்து வாருங்கள் என்றார்கள், பார்க்காமலே "கேஸ் கம்மியா இருக்கும்" என்றும் சொன்னார்கள். ஒன்பது நாளில் எங்களுக்குத் திரும்புகிற விமானம்.

கோவை ரோட்டில் கார் ஏசி பார்க்கிற ஒரு சின்னப் பட்டறை. முப்பது வயதுக்குள் இருக்கும் பையன். கேஸ் அடித்துத் தருகிறாயா என்று கேட்டதும் பானெட்டைத் திறந்து ஆரஞ்சு நிற உயர் அழுத்த மின் வயர்களைப் பார்த்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இல்லீங்ண்ணா. இதுல நான் கேஸ் மெஷினைப் போட மாட்டேன்."

"ஏன்?"

"நம்ம மெஷின்ல பெட்ரோல் வண்டி ஆயில் ஓடியிருக்குங்ண்ணா. அது துளி உள்ள போனாலும் இந்தக் கம்ப்ரசர் போயிரும்."

நான் அசந்துபோனேன், ஏனென்றால் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெட்ரோல் வண்டியில் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. மின்சார வண்டியில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற மோட்டார் கம்ப்ரசருக்கு உள்ளேயே, கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடி இருக்கிறது. அதனால் அந்த ஆயில் கரண்டைக் கடத்தாத வகையாக இருக்க வேண்டும், பிஓஇ என்பார்கள். பெட்ரோல் வண்டிகளுக்குப் போடுகிற பிஏஜி ஆயில் அதில் கலந்தால் கரண்ட் பாடிக்குக் கசியும், வண்டி எச்சரிக்கை காட்டிவிட்டு நகராமலே நின்றுவிடக்கூடும். இது தெரியாமல் எத்தனை பேர் தெருமுனையில் கேஸ் நிரப்பிக்கொண்டிருக்கிறார்களோ. வேலை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கை இந்தப் பயணத்தில் ஒருவனைத்தான் பார்த்தேன்.

"கேஸ் பிரச்சினை மாதிரி தெரியலீங்ண்ணா, இருங்க" என்று முன்சீட்டில் முட்டி போட்டு, டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி, உள்ளே கையை விட்டு கேபின் ஃபில்டரை உருவினான். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய அட்டை. கரூர் என்றால் என்ன? டெக்ஸ்டைல். மாப்பிள்ளைக்குத் தறிப் பட்டறை, வண்டி நிற்பது பட்டறை வாசலில். ஃபில்டர் மடிப்புகள் முழுக்கப் பஞ்சு, தலையணை உறை மாதிரி தடித்துப்போய், அதற்கு மேல் சிவப்புத் தூசி, இரண்டு வேப்பிலை, செத்துப்போன ஒரு தேனீ. மாப்பிள்ளை அதை வாங்கி உதறிப்பார்த்தார், உதிரவில்லை. புது ஃபில்டர் 600 ரூபாய்க்குள் முடிந்தது. ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரையும் முன்பக்கத்திலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்தான், கூலி 200. "கேஸ் கம்மி" என்ற சர்வீஸ் சென்டர்க்காரரை நம்பி ஒன்பது நாள் காத்திருந்தால் என்ன பில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அதே ரோட்டில் சன் ஃபிலிம் ஒட்டுகிற கடைக்கும் போனோம். மாப்பிள்ளைக்கு நல்ல கறுப்பாக ஒட்ட ஆசை. கடைக்காரர் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார், உள்ளே சிவப்பு விளக்கு, முன்னால் கண்ணாடித் துண்டை மாற்றி மாற்றிச் செருகலாம், மறுபக்கம் நாம் கையைக் காட்டலாம். கன்னங்கரேலென்று இருந்த மலிவு ஃபிலிமுக்குப் பின்னால் கை சுட்டது. கிட்டத்தட்ட நிறமே இல்லாத செராமிக் ஃபிலிமுக்குப் பின்னால் இளஞ்சூடுதான். சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது, கறுப்பு நிறம் பெரும்பாலும் கண் கூச்சத்தைத்தான் குறைக்கும். பெட்டியைப் பார்த்த பிறகும் மாப்பிள்ளை கறுப்பைத்தான் தடவிக்கொண்டிருந்தார். சட்டமும் இருக்கிறது: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும், 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்துத் தீர்ப்பு சொன்னது. "இப்ப யாருங்க பிடிக்கறாங்க" என்றார் கடைக்காரர். ஒட்டாமல் வந்தோம். 350 ரூபாய்க்கு முன்கண்ணாடியில் வைக்கிற வெள்ளி நிற மடிப்பு அட்டை வாங்கினோம். நிறுத்தும்போது வைத்துவிட்டுப் போனால் ஸ்டியரிங்கைத் துண்டு இல்லாமல் பிடிக்க முடிகிறது. அது போதும்.

அப்புறம் மிச்ச நாளெல்லாம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக்கில் வண்டியைச் செருகியே வைத்திருப்போம். கிளம்பப் பத்து நிமிடம் முன்னால், அம்மா சேலை மடிப்பைச் சரிசெய்யும் நேரத்தில், மாப்பிள்ளை போனிலிருந்து ஏசியைப் போடுவார். அந்த முதல் பத்து நிமிடம்தான் அதிகம் இழுக்கும், அது பெரும்பாலும் வீட்டுக் கரண்டில் போய்விடும், பேட்டரியில் அவ்வளவாகக் கை வைக்காது. எஞ்சின் இல்லாததால் போர்ட்டிகோவில் புகையும் இல்லை. ஒஸ்லோவில் பனிக்குச் செய்கிற அதே வேலை. பிளக்கில் இல்லாமல் வெளியே நிறுத்தியிருந்தால் எல்லாக் கதவையும் திறந்து சூட்டுக் காற்றை முதலில் வெளியே விரட்டுவோம், கிளம்பி ஒரு நிமிடம் கண்ணாடி இறக்கியே ஓட்டிவிட்டு, அப்புறம் ஏற்றி உள்காற்றையே சுற்றவிடுவோம். வேகுகிற காற்றைக் குளிர வைப்பதைவிட வெளிக்காற்றைக் குளிர வைப்பது லேசு.

ஒரு தடவை தவறியது. கோயில் பக்கம் அம்மாவை ஏசியோடு வண்டியில் உட்காரவைத்துவிட்டுப் பூ வாங்கப் போனோம். சாவி மாப்பிள்ளை சட்டைப் பையில், பழக்கத்தில் வெளியிலிருந்து பூட்டிவிட்டார், பூட்டியதும் வண்டி ஏசியை நிறுத்திவிட்டது. ஐந்து நிமிடம்கூட இருக்காது, திரும்பி வந்தால் அம்மா நெற்றியெல்லாம் வேர்த்து, கதவைத் திறக்கத் தெரியாமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். சில வண்டிகளில் ஆள் உள்ளே இருக்கும்போது ஏசியை ஓடவிட்டுப் பூட்டுகிற வசதி உண்டு, இதில் இல்லை. உங்கள் வண்டியில் எப்படி என்று வீட்டு வாசலிலேயே ஒரு தடவை பூட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை எப்படியும் தனியாக விடாதீர்கள்.

கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போன அன்று காரை எடுக்கவே இல்லை, கூட்டத்தில் நடந்தோம். சாயந்திரமும் தார் ரோடு செருப்பைத் தாண்டிச் சுட்டது, யாரோ வீட்டு வாசலில் நின்று வருகிறவர்கள் காலிலெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளைகள் மூன்று தடவை அந்த வாசலுக்கே திரும்பிப் போனார்கள்.

திரும்பும்போது அதே பங்கில் நிறுத்தினோம், இந்தத் தடவை காலை ஏழரை மணிக்கு, அதற்காகவே மூன்றரை மணிக்குக் கிளம்பியிருந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை, சார்ஜர் 50-க்கு மேல் கொடுத்தது, பேட்டரியும் நாங்களும் கம்ப்ரசருக்குச் சண்டை போடவில்லை. இளநீர் அக்கா இன்னும் கடை திறக்கவில்லை. காதணி விழா பேனர் அங்கேயே கட்டியிருந்தது, ஆனால் நன்றாக இழுத்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு, கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

அம்மா இறங்கி அதில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.