ஈரல் புழு: நத்தையைக் கொல்வதா, மாட்டைக் காப்பதா?

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தாய் (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் செம்பனைக்காட்டில் மாடு மேய்ப்பவர்களிடம் ஈரல் புழுவைப் பற்றிக் கேட்டால் மூன்று கட்சி உண்டு. புழுவைப் பரப்பும் நத்தை சாக வாய்க்காலில் மயில்துத்தம் போடு என்பது ஒன்று. மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்தால் முடிந்தது என்பது அடுத்தது. வாத்து விடு என்று ஒரு சிலர் சொல்வார்கள். தண்ணீர்த்தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ முதல் செலவு அதற்குத்தான் போகவேண்டும் என்று படுகிறது.

நம் வெப்பத்தில் இருப்பது ஃபாசியோலா ஜைகாண்டிகா என்ற புழு. குளிர்நாட்டில் அதன் பங்காளி ஹெப்பாட்டிகா. சாணியோடு விழும் முட்டை, தண்ணீரில் இரண்டு வாரம் போல் கிடந்து பொரிக்கும். வெளியே வரும் குஞ்சுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். அதற்குள் லிம்னியா ருபிஜினோசா என்ற நத்தை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். கிடைத்துவிட்டாலோ, நத்தைக்குள் ஒன்று பல நூறாகப் பெருகி வெளியே நீந்தி, புல்லின் அடித்தண்டில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேயும் மாட்டின் ஈரலுக்குப் புழு போய்ச் சேரும். இந்த நத்தை மெல்லிய ஓட்டோடு விரல் நகம் அளவுதான் இருக்கும். வயல் ஓரத்தில் ரோஸ் நிற முட்டை இடும் பெரிய நத்தையை இதற்காக மிதித்துக் கொல்வது வீண் வேலை. அது நெல்லுக்குத்தான் எதிரி.

சரி, மயில்துத்தம். நத்தை சாகும் என்பது உண்மை. ஆனால் சேற்றில் துத்தத்தின் வேகம் குறைந்துவிடும், மீனும் சேர்ந்து சாகும். பக்கத்தில் செம்மறி ஆடு மேய்ந்தால் துத்தத்தில் உள்ள செம்புச்சத்து அதற்கு விஷம். தப்பிய நத்தை ஒன்றே போதும். அதற்கு ஆண் பெண் இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால் வாய்க்கால் மறுபடி நிரம்பிவிடும். தண்ணீர் கடைசியில் சிலாங்கூர் ஆற்றுக்குத்தான் போகிறது. கம்போங் குவாந்தானில் படகேறிப் பார்க்கும் மின்மினிகள், புழுப் பருவத்தில் ஆற்றங்கரை நத்தைகளைத் தின்றுதான் வளர்கின்றன. இந்தக் கட்சிக்கு என் ஓட்டு இல்லை.

மருந்துக்கு வந்தால், எந்த மருந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. உண்ணி, குடற்புழுவுக்கு அது நல்ல மருந்து, ஈரல் புழுவை அது தொடாது. அல்பெண்டசோல் வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும். ஈரலைத் துளைத்துக்கொண்டு திரியும் குஞ்சுகள் தப்பிவிடும், அவை வளர மூன்று நான்கு மாதமாகும். சினை பிடித்த புதிதில் அதைக் கொடுக்கவும் கூடாது, கன்று ஊனமாகலாம். டிரைகிளாபெண்டசோல் குஞ்சுப் பருவத்திலேயே பிடிக்கிறது. அதனால் இதைத்தான் சிறந்தது என்பேன். அதற்காக அடிக்கடி ஊற்றக்கூடாது. ஆஸ்திரேலியாவில் 1990களிலேயே இதற்கு அடங்காத புழு தலைகாட்டிவிட்டது. கறவை மாடென்றால் பாலை எத்தனை நாள் விற்கக்கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டபிறகே கொடுக்கவேண்டும்.

வாத்து யோசனையை ஆரம்பத்தில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நத்தையைத் தின்பது அதன் வேலையில் பாதிதான். இந்தோனேசியாவில் கண்டது என்னவென்றால், வாத்தின் குடலில் எக்கினோஸ்டோமா என்று வேறொரு தட்டைப்புழு இருக்கிறது. அதன் குஞ்சும் இதே நத்தைக்குள் புகுந்து, அங்கே இருக்கும் ஈரல் புழுக் குஞ்சுகளைத் தின்றுவிடுகிறது! தஞ்சோங் காராங் நெல்வயல் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்ற வழி. செம்பனைக்காட்டில் எளிதல்ல, வாத்தை உடும்பு விட்டுவைக்காது.

கடைசியாகத் தொட்டி. மேட்டுப் பிளாக்கில் ஒரு தொட்டியும், மாடு வாய்க்காலில் இறங்காதபடி மின்வேலியும் போட்டால் முட்டை தண்ணீரில் சேர்வதும் கூடு கட்டிய புல் வாய்க்குப் போவதும் ஒன்றாகக் குறையும். எல்லா வாய்க்காலுக்கும் வேலி போட முடியாதுதான், தாழ்ந்த இடங்களுக்காவது போடலாம். வயலிலிருந்து வைக்கோல் கொண்டுவந்தால் அடித்தண்டை விட்டு மேல்பகுதியை அறுத்து, நல்ல வெயிலில் காயவைத்துப் போடுங்கள். சாணியை வாய்க்கால் ஓரம் கொட்டாமல் குவித்து மக்கவிட்டால் அந்தச் சூட்டிலேயே முட்டை செத்துவிடும்.

அப்புறம், மனிதனுக்கும் இந்தப் புழு வரும். மாடு மேயும் வாய்க்காலில் பறித்த கங்கோங் கீரையைக் கழுவிவிட்டுப் பச்சையாகச் சாப்பிட்டால் போதாது, கூடு கழுவினால் போகாது. வேகவைத்துத்தான் சாப்பிடவேண்டும்.