டவ்டெயில் என்று சொல்லி ஒட்டுவேலையை விற்கிறார்கள்: தேக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்க

புதுச்சேரியில் ஒரு மரப்பட்டறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்யக் கொடுத்தோம். 18 மி.மீ. தேக்கு, வெளி அளவு உயரம் 450, அகலம் 280, ஆழம் 300 மி.மீ., 8 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்). நான்கு மூலையிலும் கையால் வெட்டிய டவ்டெயில் வேண்டும் என்று சொல்லியிருந்தோம். டவ்டெயில் என்றால், ஒரு பலகையின் முனையில் விசிறி வடிவ 'வால்'களும் அடுத்த பலகையில் அவற்றுக்கு இடையே பொருந்தும் 'முளை'களும் வெட்டிக் கோக்கும் இணைப்பு. அந்த மூலை வேலைக்குக் கூலியும் தனியாக வாங்கினார்கள். வந்த பெட்டியில் டவ்டெயில் இல்லை, டவ்டெயிலின் படம்தான் இருந்தது.

செய்திருப்பது இதுதான். பலகைகளை முட்டுக்கு முட்டு வைத்து வெள்ளைப் பசை தடவி, ஏர் கன்னால் பின் ஆணி அடித்திருக்கிறார்கள். பிறகு மூலையின் இரண்டு பக்கமும் ரூட்டர் என்ற குடையும் இயந்திரத்தால் 3 மி.மீ. ஆழத்துக்கு விசிறி வடிவப் பள்ளம் எடுத்து, கருத்த மரத்துண்டுகளைப் பதித்து, மரத்தூளும் பசையும் குழைத்து இடைவெளியை அடைத்து, மேலே மெலமைன் பாலிஷ். மழைக்காலத்தில் மூலை விட்டது. விரிசல் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நூல் பிடித்தாற்போல நேராக, அந்த 'வால்'களை ஊடறுத்துக்கொண்டு போனது. வாலும் முளையும் கோத்த மூலை அப்படி ஒரே கோட்டில் பிளக்க வழியே இல்லை. சந்தேகம் வந்தது அங்கேதான்.

கேட்டதற்கு, "கடற்கரை ஊருங்க, மரம்னா விரியத்தான் செய்யும்" என்றார்கள். பாதி உண்மை. ஈரம் ஏறினால் மரம் நாருக்குக் குறுக்கே விரியும், நீளவாக்கில் விரிவது மிகச் சொற்பம். பெட்டியின் நான்கு பலகையிலும் நார் சுற்றிவரும்படி இருப்பதால், விரிந்தாலும் நான்கும் ஒன்றாக ஆழவாக்கில்தான் விரியும். மூலைக்கு அதனால் கேடில்லை. கெடுத்தது முகப்புப் பலகை. ஊஃபர் மாட்டும் அந்தப் பலகையையும் தனித் தேக்கிலேயே செய்து, நாரை நெட்டுக்குத்தாக வைத்து, சுற்றிலும் பசை போட்டு இறுக்கியிருந்தார்கள். அதன் அகலம் 244 மி.மீ. மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறினாலே ஏறக்குறைய 2 மி.மீ. அகலும். மேல் பலகையும் அடிப் பலகையும் அந்தத் திசையில் நகராது. ஆகவே முகப்பு இரண்டு பக்கப் பலகைகளையும் வெளியே நெட்டித் தள்ளியது. முகப்புக்கு பிளைவுட்டோ எம்.டி.எஃப்-ஓ (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டு மேலே தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டுவதுதான் சரி. "முழுக்க முழுக்கத் தேக்கு" என்று பெருமையாகச் சொல்லும் பட்டறையில் இதை முதலில் கேளுங்கள்.

முட்டு இணைப்பு ஏன் தாங்காது என்றால், பலகையின் வெட்டுமுகம், அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முனை, பசையை உறிஞ்சிவிடும், பிடிமானம் நிற்காது. 300 மி.மீ. மூலையில் முட்டு வைத்தால் 5,400 சதுர மி.மீ. பசைப்பரப்பு கிடைக்கும், ஆனால் அத்தனையும் வெட்டுமுகத்தில். அதே மூலையில் ஆறு வால் வெட்டினால் 12 பக்கச் சுவர்கள், ஒவ்வொன்றும் சுமார் 18க்கு 18. அதாவது 3,900 சதுர மி.மீ. அளவுக்கு நாரோடு நார் ஒட்டும் பரப்பு. பரப்பு குறைவுதான், பிடி பல மடங்கு.

டவ்டெயில் போட்டால் பாட்டு இனிக்கும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. ஒழுங்காக ஒட்டிய பிளைவுட் பெட்டியும் அதே ஒலியைத் தரும். கெட்ட மூலைதான் ஒலியைக் கெடுக்கும். விரிசல் வழியாகக் காற்று போனால் மூடிய பெட்டியில் பேஸ் மெலிந்து, உஸ் என்ற சத்தம் கலக்கும். ஊஃபர் கூம்பை விரல்களால் மெதுவாக உள்ளே அழுத்தி விட்டுப் பாருங்கள். கசிவில்லாத மூடிய பெட்டியில் அது நிதானமாகத் திரும்பும், சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. பேஸ் ரிஃப்ளெக்ஸ் துளை (காற்று போய்வர வேண்டுமென்றே விடும் துளை) உள்ள பெட்டிக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்கு, தாழ்ந்த சுருதியை ஓடவிட்டு மூலைகளில் ஊதுபத்திப் புகையைக் காட்டினால் போதும்.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. உண்மையான டவ்டெயிலில் விசிறி வடிவம் ஒரு முகத்தில் மட்டுமே தெரியும், அடுத்த முகத்தில் நேரான செவ்வகங்கள்தான் இருக்கும். இரண்டு முகத்திலும் விசிறி தெரிந்தால் அது பதித்த துண்டு. சாய்வாக அறுத்து ஒட்டிய மூலையில் ஆழமாகச் சாவி மாதிரித் துண்டு செருகுவதும் உண்டு. அது ஏமாற்று இல்லை, ஆனால் கூலி வேறு. அடுத்து, ஈரத்துணியால் மூலையைத் துடையுங்கள். வால்களுக்கு நடுவே தெரியும் முளையின் வெட்டுமுகம் தண்ணீரைக் குடித்துச் சட்டென்று கருக்கும். பாலிஷ் ஏறிவிட்டால் இது பலிக்காது. சில பட்டறைகள் பாலிஷ் முடிந்த பிறகே கூப்பிடுவதற்குக் காரணம் புரிகிறதல்லவா?

கைவேலையா, ரூட்டர் ஜிக் (வழிகாட்டி அச்சு) வேலையா என்பதற்கு முளையின் ஒடுங்கிய முனையைப் பாருங்கள். ரூட்டர் பிட்டின் தண்டு பொதுவாக 6 மி.மீ.க்குக் குறையாது, அதனால் முனையும் அதற்குக் கீழே ஒடுங்காது. 3, 4 மி.மீ. இருந்தால் வாள் பட்ட வேலை. சாய்வு, தேக்கு போன்ற கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று. அதைவிட அதிகம் சாய்த்தால் வால் நுனி தெறிக்கும். ஒரு மூலைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் எட்டு மூலைக்கு 12 மணி நேரம் ஆகும். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றால் அங்கே உளி இறங்கப்போவதில்லை.

மரக்கணக்கிலும் கைவைத்திருந்தார்கள். அறுத்த பலகை 25 மி.மீ. என்று கொண்டு, முகப்பையும் சேர்த்து இரண்டு பெட்டிக்கும் ஆகும் மரம் 0.95 கன அடி. 40 சதவீதம் கழிவு போட்டாலும் 1.3 கன அடிதான். பில்லில் இருந்தது 3. உள்பக்கம் சுரண்டிப் பார்த்தால் வைரமே (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) இல்லாத வெள்ளைப் பகுதிக்குச் சாயம் ஏற்றியிருந்தது. வண்டு விழுவது அந்த வெள்ளையில்தான்.

கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்: மரம் எது, ஈரம் 12 சதவீதத்துக்குள், வெனீர் ஒட்டிய பிளைவுட் முகப்பு, ஒரு மூலைக்கு எத்தனை வால், வால் எந்தப் பலகையில். பெட்டியைத் தூக்கும்போது அடிப் பலகை கழன்று விழாமலிருக்க வால் பக்கப் பலகையில் இருக்க வேண்டும். முன்பணம் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பாலிஷ் போடாத பெட்டியை நேரில் பார்த்த பிறகே அடுத்த தவணை.

கடலூர்க்காரர்கள், பட்டறை புதுச்சேரியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டு, கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பில் இல்லாமல் வேலை கொடுத்திருந்தால் பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் எடுத்து வையுங்கள். விட்ட மூலையை வேறு ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்வதற்கு முன், உள்ளும் புறமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.