நெஞ்சு படபடப்புக்கு ஈசிஜியா, ஹோல்ட்டரா, வாட்ச்சா?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நெஞ்சில் லேசாக ஏதாவது செய்தால் "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடிங்க அண்ணாச்சி" என்பதுதான் முதல் வைத்தியம். இப்போது பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வாட்ச்சையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்கள். 72 என்று காட்டினால் ஒன்றுமில்லை என்று படுத்துவிடுகிறார்கள். எனக்குப் பயமே அதுதான். துடிப்பின் எண்ணிக்கை வேறு, இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்பது வேறு. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போதும் 72 இருக்கலாம்.

இதயத்தின் வலது மேலறையில் கிளம்பும் மின்துடிப்புதான் அதை நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை சுருங்க வைக்கிறது. அதைத் தோலின் மேலிருந்து பதிவு செய்வது ஈசிஜி. கை கால்களில் 4, நெஞ்சில் 6 என 10 இடத்தில் ஒட்டி 12 கோணத்தில் எடுப்பதால், எந்தப் பக்கத்துத் தசை பாதிக்கப்படுகிறது என்று டாக்டரால் சொல்ல முடிகிறது. ஆனால் அதில் பதிவாவது வழக்கமாக 10 விநாடிதான். ராத்திரி 2 மணிக்குப் படபடவென்று அடித்துவிட்டுக் காலையில் அடங்கிப்போன நெஞ்சோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் நார்மல் என்று வரத்தான் வாய்ப்பு அதிகம். அது ஈசிஜியின் தப்பு இல்லை.

வந்து வந்து போகும் படபடப்புக்கு என் ஓட்டு ஹோல்ட்டருக்குத்தான். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, நெஞ்சில் சில ஒயர்கள், 24 அல்லது 48 மணி நேரம் ஒரு துடிப்பு விடாமல் பதிவாகும். படுத்துவது என்னவோ உண்மை. ஆற்றில் முங்கிக் குளித்தே பழகியவர்களுக்கு ஒரு நாள் குளிக்காமல் இருப்பதே பெரிய பாடு, அக்கினி நட்சத்திரத்தில் மாட்டினால் வியர்வையில் ஒட்டு வேறு கழன்றுவரும். முடிந்தால் வெயில் தணிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் அவசரம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். கூடவே ஒரு தாளில், எத்தனை மணிக்குப் படபடத்தது, அப்போது மாடி ஏறினீர்களா, சும்மா உட்கார்ந்திருந்தீர்களா என்று எழுதியே ஆகவேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பதிவில் பாதிப் பயன் போய்விடும்.

வாட்ச்சையும் ஒதுக்க மாட்டேன். சாதாரண வாட்ச் பச்சை விளக்கை அடித்து ரத்த ஓட்டத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது, கை ஆடினால் கணக்குத் தடுமாறும். ஈசிஜி வசதி உள்ள வாட்ச்சில் விரலை வைத்தால் 30 விநாடிக்கு ஒரே ஒரு கோணம் கிடைக்கும். மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடிக்க அது போதும். அந்தக் கோளாறில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம் என்பதால் இது சின்ன உதவி இல்லை. மாரடைப்பை மட்டும் அதை வைத்து முடிவு செய்யவே கூடாது.

நெஞ்சு அழுத்தமும் வியர்வையுமாக வந்தால் வாட்ச்சும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். களக்காடு, திசையன்விளைப் பக்கம் என்றால் பாளையங்கோட்டை தூரம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப, 2023-இல் தொடங்கிய தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. முதல் ஈசிஜி நார்மல் என்றாலும் வலி இருந்தால் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள், அவசரப்பட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

அப்புறம், பழைய ஈசிஜியை போனில் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும், புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.