உலோகத்தூள் குழாயும் கலீனா படிகமும்

வானொலியின் தொடக்கக் காலத்தில் அலையை அனுப்புவதைவிட, வந்து சேர்ந்த அலையை உணர்வதே கடினமாக இருந்தது என்பதால், அக்கால உணர்விகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

பிரான்சின் எடுவார் பிரான்லி 1890இல் ஆராய்ந்த 'கோஹியரர்', உலோகத்தூள் நிரப்பிய ஒரு சிறு கண்ணாடிக் குழாய். மின்காந்த அலை பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மின்தடை சட்டெனக் குறைந்து மின்சாரம் பாயும். அந்த மின்சாரத்தைக் கொண்டு ரிலே என்னும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை இயக்கி, மோர்ஸ் குறிகளைக் காகித நாடாவில் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் ஒட்டிய துகள்கள் தாமாகப் பிரிவதில்லை. ஒவ்வொரு குறிக்குப் பின்னரும் ஒரு சிறு சுத்தியல் குழாயைத் தட்டி உலுக்க வேண்டியிருந்ததால் செய்தியின் வேகம் குறைந்தது. அலை உண்டா, இல்லையா என்பதற்கு மேல் அதனால் எதையும் சொல்ல இயலவில்லை.

கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தின் மீது மெல்லிய கம்பி முனையைத் தொடவைத்தால், மின்னோட்டம் பெரும்பாலும் ஒரு திசையில் மட்டுமே செல்லும். கல்கத்தாவில் ஆய்வு செய்த ஜகதீஷ் சந்திர போஸ் இவ்வகை உணர்விக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அலையின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்தொடர்வதால் குரலும் இசையும் இதில் கேட்டன, மின்கலமும் தேவைப்படவில்லை. படிகத்தில் நன்கு உணரும் புள்ளியைக் கம்பியால் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், சிறிது அசைந்தாலும் மீண்டும் தேட வேண்டும் என்பதே இதன் குறை.

தந்திக்குக் கோஹியரர் போதுமானதாக இருந்தாலும், பேச்சைக் கேட்கவைத்த படிகத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.