சிறிய குழு ஆய்வுக்கு ஜமோவி: தாராளமாகப் பயன்படுத்தலாம், டிக் மட்டும் பார்த்துப் போடுங்கள்

நர்சிங் முதுநிலை மாணவிகளின் தீசிஸுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் குழுவுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள்; விடையும் 'வலி குறைந்தது', 'குறையவில்லை' என்று இரண்டே வகை. இதற்கு நான் கைகாட்டுவது ஜமோவி மென்பொருளைத்தான். இலவசம். உள்ளே ஓடுவது ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி என்றாலும் கோட் எழுத வேண்டாம். ஒவ்வொருவரையும் தனி வரியாக அடிக்கவும் தேவையில்லை. கூட்டிய எண்கள் உள்ள நெடுவரிசையை 'கவுண்ட்ஸ்' பெட்டியில் போட்டால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பயிற்சி பெற்ற 10 பேரில் 8 பேருக்கு வலி குறைந்தது, பெறாத 10 பேரில் 3 பேருக்கு. இரண்டு குழுவுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி-மதிப்பு; அது சிறியதாக இருந்தால் ஆதாரம் வலுவாகத் தெரியும். இரண்டு குழுக்களின் எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-ஸ்கொயர் (χ²) சோதனை தரும் பி-மதிப்பு 0.025. சிறிய எண்களுக்காக அதைச் சற்றுக் கட்டுப்படுத்தும் யேட்ஸ் திருத்தத்தோடு 0.072. தோராயம் இல்லாமல் வாய்ப்பை நேரடியாகக் கணக்கிடும் ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்டில் 0.070. மூன்றையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துப் பார்க்க முடிவது பாடம் நடத்த எனக்கு அவ்வளவு உதவியாக இருக்கிறது.

ஆனால் ஜமோவி திறந்தவுடன் டிக் ஆகியிருப்பது கை-ஸ்கொயர் மட்டும்தான். ஃபிஷரை நாம்தான் டிக் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் 'செல்ஸ்' பகுதியைத் திறந்து 'எக்ஸ்பெக்டட் கவுண்ட்ஸ்' போடுங்கள்; குழுக்களுக்குள் வித்தியாசமே இல்லை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற எண் அது. மேலே உள்ள கணக்கில் நான்கு கட்டங்களில் இரண்டில் அது 4.5. ஐந்துக்குக் கீழே போய்விட்டதால் இங்கே ஃபிஷர்தான் சரி. ஆரில் நேரடியாகச் செய்தால் எச்சரிக்கை வரும். எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் அட்டவணைக்கு அடியிலேயே எத்தனை கட்டங்கள் ஐந்துக்குக் கீழே என்று எழுதிவிடும். ஜமோவியில் நாமே போய்ப் பார்க்க வேண்டும், இதற்காக ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

மூன்று பி-மதிப்பும் கண்முன்னே இருக்கும்போது 0.025-ஐ எடுத்து எழுதத்தான் கை போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த நிலையில் எந்தச் சோதனை என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். கூடவே 'ஆட்ஸ் ரேஷியோ'வையும் டிக் செய்யுங்கள்; வலி குறைந்தவர்களுக்கும் குறையாதவர்களுக்கும் உள்ள விகிதம் ஒரு குழுவில் மற்றதைவிட எத்தனை மடங்கு என்பதை அது சொல்லும். இதே கணக்கில் அது 9.33, 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, 1.19 முதல் 73 வரை. இருபது பேரை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேச முடியும் என்பதை அந்த அகலமே சொல்லிவிடுகிறது.

ஒரே ஆட்களிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்டிருந்தால் மேலே சொன்ன சோதனைகள் பக்கமே வராதீர்கள். அதே 'ஃப்ரீக்வென்சீஸ்' மெனுவில் 'பேர்டு சாம்பிள்ஸ்' என்று இருக்கும் மெக்நீமர் சோதனைதான் அதற்கு.