சோற்றை நிறுத்துவதா, நடையைக் கூட்டுவதா?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர் சோறு வரும்போதெல்லாம் இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு பொரியலும் கூட்டும் மட்டும் கேட்டு வாங்கினார். வலப்பக்கத்துக்காரரோ "காலையிலேயே ஆறு கிலோமீட்டர் நடந்தாச்சு, தாராளமா ஊத்துப்பா" என்று இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார். இரண்டு பேருக்கும் தொப்பை இருந்தது, நடுவில் இருந்த எனக்கும்தான்.

எடை மட்டும்தான் கணக்கு என்றால் இடப்பக்கத்துக்காரர் கட்சிதான் ஜெயிக்கும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150தான், அதாவது 50 நாள் விடாமல் நடந்தால் ஒரு கிலோ, அதுவும் கூடுதலாக எதுவும் வாயில் போடாமல் இருந்தால்! பார்க் வாசலில் சுடச்சுட ஒரு மெதுவடை சாப்பிட்டால் அன்றைய நடை அங்கேயே கழிந்துவிடும். சாயங்கால பஜ்ஜியையும் சர்க்கரை போட்ட இரண்டு காபியையும் விடுவதற்கு நேரமும் வேண்டாம், ஷூவும் வேண்டாம்.

இந்த வழக்கு ரொம்பப் பழசு. லண்டனில் சவ அடக்க வேலைகளை எடுத்துச் செய்துவந்த வில்லியம் பேண்டிங் என்பவர் உடம்பைக் குறைக்க முதலில் தினமும் காலையில் படகு வலித்தார். உடம்பில் வலு ஏறியது, கூடவே பயங்கரப் பசியும் ஏறி, எடை கூடத்தான் செய்தது. பிறகு காது மந்தமாகிறது என்று போய்ப் பார்த்த மருத்துவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல, ஓராண்டுக்குள் 20 கிலோ அளவுக்குக் குறைந்து, 1863-இல் அதை ஒரு சிறு வெளியீடாகவே எழுதிவிட்டார். பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் இன்றைய உணவுமுறைகள் எல்லாம் இவருடைய பேரன் பேத்திகள் மாதிரிதான்.

ஆனால் எதை நிறுத்துகிறோம் என்பதில் பெரிய மந்திரம் இல்லை. 2018-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து முதல் குழு சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது குழு 6 கிலோ குறைந்திருந்தது, சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது சர்க்கரையையும் மைதா போன்ற தீட்டிய மாவையும் குறை, காய்கறியைக் கூட்டு என்பது. நம் ஊரில் சோற்றை நிறுத்திவிட்டு எண்ணெய் விட்டு நாலு சப்பாத்தி சாப்பிடுகிறோம், கோதுமை ஆகாது என்று யாரோ சொன்னால் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் தாவுகிறோம், அப்புறம் எடை எப்படிக் குறையும்? முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் இரண்டு மூன்று கிலோவைப் பார்த்தும் மயங்க வேண்டாம், உடம்பு சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தோடு ஒட்டியிருந்த தண்ணீர்தான் அதில் பெரும்பங்கு. இதையெல்லாம் தாண்டி பேலியோவில் நிஜமாகவே இளைத்தவர்களை எனக்குத் தெரியும், ஆனால் காலைக்கு 100 பாதாம் என்பது மாதக் கடைசியில் எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்?

சரி, வலப்பக்கத்துக்காரர் பக்கம் வருவோம். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவைச் சீராக்கி நடக்கச் சொன்ன குழுவில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடைமிஷினில் முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. குறைத்த எடையைக் காப்பாற்றுவதிலும் உடற்பயிற்சிக்குத்தான் என் ஓட்டு. அமெரிக்காவில் 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஓராண்டாவது திரும்ப ஏற்றாமல் இருப்பவர்களை 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஒரு மணி நேரம் போல உடம்பை அசைப்பவர்கள். வெறும் பட்டினியாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். மாமியார், அம்மா வயதுக்காரர்களுக்கு அது சும்மா விடாது, படி ஏறும்போது தெரியும்.

இரண்டிலுமே ஆபத்தும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அளவு தடாலென்று இறங்கி மயங்கி விழலாம். 100 கிலோவைத் தாண்டியவர் எடுத்த எடுப்பிலேயே ஓட ஆரம்பித்தால் முட்டி போய்விடும், அவருக்கு நீச்சலோ சைக்கிளோ தேவலை.

என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதம் தட்டில்தான் கை வைப்பேன். சோற்றை ஒரேயடியாக நிறுத்துவதில்லை, இரண்டு கரண்டியை ஒன்றாக்கி அந்த இடத்தில் காயும் சுண்டலும் முட்டையும். பலகாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நடையை முதல் நாளே தொடங்கலாம், ஆனால் எடைக்காக என்று எண்ணிக்கொள்ளாமல். நாலாவது மாதம் எடை நின்றுபோய் வெறுப்பு வரும் பாருங்கள், அப்போது நடையோடு வாரம் இரண்டு நாள் தண்டாலோ டம்பெல்லோ சேர்க்க வேண்டும். நான் இப்போது அந்த நாலாவது மாதத்தில்தான் இருக்கிறேன், பேன்ட் மட்டும் ஒரு சுற்று தளர்ந்திருக்கிறது.